பாறைக்குள் ஓடும் ஆறு – 4: விளக்கோடு இறங்காதே

ஜின்னி ஊற்றில் ஒரு விதி உண்டு. கடலில் மூழ்கப் பழகி, சாதாரண டைவிங் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் ‘டெவில்’ ஊற்றுத் தொகுதிக்குள் விளக்கு எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். இருட்டான இடத்துக்குப் போகிறவனிடமிருந்து விளக்கைப் பிடுங்கி வைப்பார்களா? வைப்பார்கள். விளக்கு இல்லாதவன் வெளிச்சம் முடிகிற இடத்தில் தானே நின்றுவிடுவான். டார்ச் கையிலிருந்தால் இன்னும் பத்தடி, அந்தத் திருப்பம் வரைக்கும் என்று உள்ளே போவான். அப்புறம் காலடியில் கிளம்பிய வண்டல் கண்ணை மறைக்கும். வந்த வழி தெரியாது. அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் பலர். விதி அவர்களால் வந்தது.

சென்ற வாரம் எழுதிய இச்சடக்னி ஆற்றிலிருந்து ஜின்னிக்குப் பக்கத்திலுள்ள ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்குக் காரில் கொஞ்ச நேரம்தான். வட ஃப்ளோரிடாவின் சின்ன ஊர். ஆனால் குகை டைவர்களுக்கு உலகத்தில் எங்கே போனாலும் இந்த ஊரின் பெயர் தெரியும். இந்த நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்கும் மழைநீர், மெல்லிய அமிலமாகி, பாறையைக் கரைத்துக் கரைத்துச் சுரங்கங்கள் செய்திருக்கிறது. அந்தச் சுரங்கங்களில் ஓடும் நீர்தான் ஊற்றாக வெளியே வருகிறது. கோடையானாலும் குளிரானாலும் சுமார் 22 டிகிரி செல்சியஸ். இந்த நீர்த்தேக்கத்துக்கு ஃப்ளோரிடன் நிலத்தடி நீர்ப்படுகை என்று பெயர். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இதிலிருந்துதான் குடிக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் ஜின்னியை ஒட்டிய சாண்டா ஃபே ஆற்றங்கரையில் நடக்க இடமில்லை. காற்றடைத்த ரப்பர் டியூபில் உட்கார்ந்து, பீர் வைத்த கூலர் பெட்டியை இன்னொரு டியூபில் கட்டி இழுத்தபடி, குடும்பம் குடும்பமாக மிதந்து வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே முதுகில் இரட்டை சிலிண்டர், கையில் விளக்கு, தொடைப்பையில் நூல் சுற்றிய ரீல் என்று நாங்கள் மூன்று பேர் மரப்படியில் இறங்குகிறோம். எனக்குக் குகை டைவிங் சொல்லிக்கொடுத்த ஆசிரியை முன்னால். கெய்ன்ஸ்வில்லிலிருந்து வந்த நண்பர் கடைசியில். பாதிப் படி இறங்குவதற்குள் கேள்விகள் வந்துவிட்டன. முதலை இருக்குமா? காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? ஒருவர், “கோடி ரூபாய் கொடுத்தாலும் நான் போக மாட்டேன்” என்ற பொருளில் எதையோ சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே தலையை ஆட்டிக்கொண்டு போனார். கூட இருந்த பெண்மணி மட்டும் நின்று, “உள்ளே என்னதான் இருக்கிறது?” என்றார்.

முதலைக் கேள்விக்கும் காற்றுக் கேள்விக்கும் எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். கடைசிக் கேள்விக்கு முடியாது. கடல் டைவர்களே இதைத்தான் கேட்கிறார்கள்: மீன் இல்லை, பவளம் இல்லை, வெளிச்சமே இல்லை, அங்கே எதற்குப் போகிறீர்கள்?

ஆற்றடியிலிருக்கும் ‘டெவில்ஸ் இயர்’ என்ற பிளவின் வழியாக இறங்கினோம். ஊற்று அங்கே முழு வேகத்தோடு வெளியே தள்ளுகிறது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் முகமூடியையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். காலை உதைத்துப் போராடினால் மூச்சுத்தான் வீணாகும். விரல் நுனிகளால் பாறையைப் பற்றி உடம்பை இழுத்து, விட்டு, வழுக்கி, மறுபடி பற்றிப் போக வேண்டும். ஆசிரியை வெளிச்சமுள்ள இடத்திலேயே ரீல் நூலின் முதல் கட்டைப் போட்டார். உள்ளே நுழைந்ததும் இரண்டாவது கட்டு. பிறகு நூலை விட்டுக்கொண்டே போய், குகைக்குள் நிரந்தரமாகக் கிடக்கும் தடித்த மஞ்சள் கயிற்றோடு இணைத்தார். வெளியே உள்ள நீரிலிருந்து போகிற கடைசி இடம் வரைக்கும் அறுபடாத ஒரே கயிறு இருக்க வேண்டும். இது முதல் விதி.

அந்த நுழைவாயிலுக்குப் பக்கத்தில்தான் எலும்புக்கூடு வரைந்த எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. மேலே போகாதே, பயிற்சி இல்லாமல் இங்கே செத்தவர்கள் பலர், உயிரைக் கொடுத்துப் பார்க்கும்படி உள்ளே எதுவும் இல்லை என்கிறது பலகை. வெளியில் இருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் சாவோடு விளையாடுகிறவர்கள் என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பலகையை வைத்தவர்களே குகை டைவர்கள்தான். தங்களுக்குப் பிடித்த இடத்தின் வாசலிலேயே ‘வராதே’ என்று எழுதி வைத்தவர்களை உயிரின் அருமை தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே சராசரியாக 30 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து நான்கு மடங்கு காற்று போகும். அதனால் கணக்கு இப்படி: மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாவது பங்கைத் தொடவே கூடாது. அது கூட வருகிறவருக்காக. அவருடைய காற்று முழுக்கப் போய்விட்டாலும் நம்முடையதிலேயே இருவரும் வெளியே வந்து சேர வேண்டும். எங்கள் மானியில் 3600 என்று ஆரம்பித்தால் 2400-ல் திரும்பிவிட வேண்டும், எதிரே எவ்வளவு அழகான சுரங்கம் விரிந்தாலும் சரி.

இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் எங்களுக்கும் பார்வை பிரிகிறது. இதை அவர்கள் பரபரப்பான சாகசம் என்று நினைக்கிறார்கள். குகைக்குள் பரபரப்புக்கு இடமே இல்லை. நெஞ்சு படபடத்தால் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் காற்று தீரும், உடம்பு ஆடும், வண்டல் கிளம்பும். கிளர்ச்சியைத் தேடி வருகிறவர்களை ஆசிரியர்கள் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே கிடைக்கிற சுகம் வேறு. உடம்பைத் தரைக்கு ஒரு முழம் மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே, கிடைமட்டமாக, மூச்சின் அளவை மட்டும் மாற்றி நிறுத்தி வைக்கிற சுகம். தவளையைப் போல முழங்காலை மடக்கி, நீரைப் பின்னால் மட்டும் தள்ளி, கீழே ஒரு துகள்கூட எழும்பாமல் கடந்து போகிற சுகம். அலுவலகம், கடன், வீட்டுச் சண்டை எதுவும் உள்ளே வராது. வரவிடாமல் நாம் தடுப்பதில்லை. கயிறு, காற்று, விளக்கு, முன்னால் போகிறவர், பின்னால் வருகிறவர் என்று கவனம் முழுக்க நிறைந்துபோய் அவற்றுக்கு இடம் இருப்பதில்லை. தியானம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் முழு சம்மதமில்லை. தியானத்தில் தனியாக இருக்கிறோம். இங்கே ஒரு நொடிகூடத் தனியாக இல்லை. பின்னால் வருகிறவரின் விளக்கு வட்டம் என் பக்கத்துச் சுவரில் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘நான் நலம், நீ?’ என்று அதற்குப் பொருள். நானும் என் விளக்கை வட்டமிடுகிறேன். அதே வெளிச்சம் வேகமாக இடவலமாக வெட்டினால் ஆபத்து. ஒரு சொல்கூடப் பேசாமல் மூன்று பேர் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்பதை வேறெங்கும் நான் அனுபவித்ததில்லை.

சுவர்கள் நல்ல வெள்ளை. ஓரிடத்தில் விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனேன். பாறைக்குள் பாதி புதைந்து ஒரு கடல் முள்ளெலி, உள்ளங்கை அளவு. அதன் மேல் ஐந்து இதழ்ப் பூக்கோலம் இன்னும் அழியவில்லை. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் அது வாழ்ந்தது. அதற்குக் கீழே, தரையில், நிறமே இல்லாத ஒரு கிரேஃபிஷ். இருட்டிலேயே வாழ்ந்து வாழ்ந்து கண் மங்கிப்போன இனம். நான் இருப்பது அதற்குத் தெரிந்தது. நீண்ட மீசைகளை ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பியது, தண்ணீரைத் துழாவியது, பிறகு அவசரமே இல்லாமல் நடந்து ஒரு கல்லுக்கடியில் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட பெண்மணிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்ப வேண்டிய அளவுக்குக் காற்று இன்னும் இறங்கவில்லை. அதற்குள் நண்பர் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே போகலாம் என்று அர்த்தம். ஆசிரியை கட்டைவிரலைக் காட்டினார், நான் காட்டினேன், திரும்பினோம். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் பயணத்தை முடிக்கலாம். ஏன் என்று உள்ளேயும் கேட்பதில்லை, மேலே வந்தும் கேட்பதில்லை. குகை டைவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இந்த வழக்கத்தை. அச்சப்படுகிறவனின் சொல்லுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கும் கூட்டத்தை நான் வேறு எந்த விளையாட்டிலும் பார்க்கவில்லை. “இன்றைக்கு மனசு ஒட்டவில்லை” என்று வெகுநேரம் கழித்து நண்பராகத்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் வேலையே இல்லை. இழுத்து இழுத்துப் போன தூரத்தை ஊற்று தானே சுமந்துகொண்டு வந்துவிடுகிறது. கையைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தபடி, பாறைகள் பின்னால் ஓட, இருட்டில் மிதந்து வந்தோம். இந்தச் சில நிமிடங்களுக்காகவே பலர் ஆண்டுதோறும் இங்கே வருகிறார்கள்.

இந்த விதிகளுக்கெல்லாம் ஒரு கணித ஆசிரியருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஷெக் எக்ஸ்லி, 1949-ல் பிறந்தவர், பக்கத்து லைவ் ஓக் ஊரில் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். இருபத்து மூன்று வயதுக்குள் ஆயிரம் குகை டைவ் முடித்தவர். அந்தக் காலத்தில் இந்த ஊற்றுகளிலிருந்து பிணங்களை எடுப்பது அடிக்கடி நடந்தது. எக்ஸ்லி ஒவ்வொரு விபத்தையும் எடுத்து, எங்கே தவறியது என்று ஆராய்ந்தார். 1970-களின் இறுதியில் வெளிவந்த அவருடைய சிறு நூலில் முடிவு தெளிவாக இருந்தது: செத்தவர்களில் பெரும்பாலோர் வெளியே வரும் வழிக்குக் கயிறு போடவில்லை, அல்லது காற்றைப் பங்கிட்டு வைக்கவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஆழம் போனார்கள். பின்னால் முறையான பயிற்சியும் ஆளுக்கு மூன்று விளக்கும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. இறந்தவர்களை வெறும் துக்கமாக விட்டுவிடாமல், அவர்களிடமிருந்து பாடம் எடுத்து இருப்பவர்களைக் காப்பாற்றினார். அந்த எக்ஸ்லியே 1994 ஏப்ரல் 6-ஆம் தேதி, மெக்சிகோவின் சாகடோன் என்ற பெருங்குழியில், 300 மீட்டர் ஆழத்தைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். இதை மறைத்துவிட்டு, குகை டைவிங் பத்திரமானது என்று எழுத என்னால் முடியாது. பத்திரமானது அல்ல. விதிகளுக்குள் நிற்கிறவனுக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது; எல்லையைத் தள்ளிப் பார்க்கிறவனுக்கு விதிகளும் துணை வருவதில்லை. எல்லையைத் தள்ள எனக்கு ஆசையில்லை. ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

வெளியார் பார்வை ஒருமுறை மட்டும் மாறியது. 2018 ஜூன் மாதம் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினார்கள். ஜூலை 2-ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், இன்னொருவர் கணினி வேலை பார்ப்பவர். கண்ணே தெரியாத சேற்று நீரில், குறுகிய குகைகளில், பொழுதுபோக்காகப் பல ஆண்டுகள் மூழ்கிப் பழகியவர்கள். ஆஸ்திரேலிய மயக்கமருந்து மருத்துவரும் குகை டைவருமான ரிச்சர்ட் ஹாரிஸ் சிறுவர்களை மயக்க, டைவர்கள் அவர்களை நீருக்கடியில் சுமந்து வந்தார்கள். சிக்கிய எல்லோரும் பிழைத்தார்கள். சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் தாய்லாந்துக் கடற்படை வீரர் சமன் குணன் பிழைக்கவில்லை. அதுவரை ‘எதற்கு இந்த வெட்டி வேலை’ என்று கேட்ட உலகம் சில நாட்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் சொந்தக்காரர்களும் கேட்கவில்லை. பிறகு மறந்துவிட்டார்கள்.

மதுரையிலிருக்கும் என் சித்தி மட்டும் விலக்கு. டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஆளாளுக்குத் திட்டினார்கள். சித்தி கடைசிவரை கேட்டுவிட்டு, “உள்ள போறதுக்குக் கயிறு கட்டியிருப்பாங்கல்ல? அத விடாம இருந்துக்க” என்றாள். தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி, மேட்டில் நின்று பிடித்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள். எக்ஸ்லியின் முதல் விதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மேலே ஏறுவதற்கு முன் பிளவின் வாயருகே 6 மீட்டரில் காத்திருந்தோம். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். அண்ணாந்து பார்த்தால் ஊற்றின் தெளிந்த நீருக்கு மேலே ஆற்று நீர். சதுப்புக் காட்டின் இலைச்சாறு இறங்கி டீ நிறத்தில் இருக்கும் ஆறு அது. வெயில் அதில் பட்டுச் செம்பொன்னாக இறங்கியது. ரப்பர் டியூப்களின் கரிய வட்டங்கள், அவற்றிலிருந்து தொங்கும் கால்கள், ஒரு நாயின் வயிறு எல்லாம் மேலே கடந்து போயின.

படியில் அந்தப் பெண்மணி மகளோடு உட்கார்ந்திருந்தார், வேண்டுமென்றே காத்திருந்தது போலத் தோன்றியது. கிரேஃபிஷ் கதையைச் சொன்னேன். சிறுமி, “விளக்கு எல்லாம் அணைந்துபோனால் வெளியே எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?” என்றாள். ஆசிரியை தொடைப்பையிலிருந்து முக்கோணமான சின்னப் பிளாஸ்டிக் அம்பு ஒன்றை எடுத்தார். கயிற்றில் இதை மாட்டி வைப்பார்கள், முனை எப்போதும் பக்கத்திலுள்ள வாசலைக் காட்டும். சிறுமியைக் கண்ணை மூடச் சொல்லி, ஈரக் கயிற்றில் மாட்டிய அம்பைக் கையில் கொடுத்தார். அவள் கட்டைவிரலால் ஓரங்களைத் தடவினாள், ஒருமுறை சந்தேகப்பட்டாள், பிறகு ஆற்றுப் பக்கம் கையை நீட்டினாள். சரிதான். அம்மா, “நீ போக வேண்டாம்” என்றார். ஆனால் பயிற்சிக்கு என்ன வயது வேண்டும் என்றும் அவரேதான் கேட்டார்.

நாளை பீகாக் ஊற்று. நீருக்கடிப் புகைப்படக்காரரும் குகை டைவருமான வெஸ் ஸ்கைல்ஸ் 2010-ல் மறைந்த பிறகு அந்தப் பூங்காவுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அங்கே ஓட்டம் குறைவு, வண்டல் அதிகம். ஜின்னியில் கிளம்பும் தூசியை ஊற்றே துடைத்துவிடும், பீகாக்கில் நாம்தான் கிளப்பாமல் போக வேண்டும். சிலிண்டர்களை நிரப்பக் கொடுத்துவிட்டோம். நண்பரும் வருகிறார். ரீல் அவர் கையில், எனவே நாளை முதலில் உள்ளே போவதும் கடைசியில் வெளியே வருவதும் அவர்தான்.

(தொடரும்)