அந்த மீன் யாருடையது?

பத்துப் பேர் கூடிச் செய்த நற்செயலுக்குப் பதினோரு பேர் உரிமை கொண்டாடுவர். அதே பத்துப் பேர் கூடிச் செய்த தவற்றுக்கோ உரிமை கொண்டாட ஒருவரும் முன்வரார். இதனைக் குடும்பத்திலும் காண்கிறோம், அலுவலகத்திலும் காண்கிறோம். ஆயினும் இவ்வுண்மை நமது உள்ளத்தில் ஆழப் பதிந்தது தூண்டிற் படகு ஒன்றினால்தான் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்கரையிலுள்ள பங்கு ஒன்றில் சிறிது காலம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அங்கே தூண்டில் போடுவது பலருக்கும் பிழைப்பு அன்று, பொழுதுபோக்கு. லாங் பீச், சான் பேத்ரோ, சான் டியேகோ முதலிய துறைமுகங்களிலிருந்து இதற்கென்றே கட்டணப் படகுகள் புறப்படுகின்றன. கட்டணம் செலுத்தியவர் எவரும் ஏறிக்கொள்ளலாம். பதினாறு வயது நிரம்பியவர்கள் உரிமச்சீட்டும் பெற்றிருக்க வேண்டும். மீன் எங்கே மேய்கிறது என்பதைக் கேப்டன் அறிவார். சிக்கிய நூலைப் பிரிப்பதும், மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றி அவரவர் எண்ணிட்ட சாக்குப் பையில் போடுவதும், கரை திரும்பும் வழியில் அதனை அரிந்து கொடுப்பதும் படகுப் பணியாளரின் வேலை. பயணிகள் மனமுவந்து தரும் இனாமை நம்பியே அவர்களுள் பலர் வாழ்கின்றனர்.

அக்கடலில் சாண்ட் பாஸ் என்றொரு மீன் உண்டு. நம் கரையோரத்தார் களவா என்றழைக்கும் மீனைத் தோற்றத்தில் ஓரளவு ஒத்தது. கோடைக்காலத்தில் முட்டையிடுவதற்காக மணற்பாங்கான இடங்களில் அது பெருங்கூட்டமாய்த் திரளும். திரளும் இடங்களைப் படகோட்டிகள் நன்கறிவர். ஆகவே கடல் முழுவதிலும் அம்மீன் அருகிவந்த காலத்திலும், திரண்ட இடத்தில் தூண்டில் போட்டவனுக்குப் பை நிறைந்துகொண்டே இருந்தது. குறைவு கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது நிலைமை முற்றியிருந்தது. 2013-ஆம் ஆண்டில் மாநில அரசு விதியை இறுக்கிற்று. அதுவரை 12 அங்குலமாயிருந்த குறைந்த அளவு 14 அங்குலமாயிற்று. இதனையும் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு இருவகை மீன்களையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஒருவருக்கு 10 என்றிருந்த எண்ணிக்கை 5 ஆயிற்று. அளவிற் குறைந்த மீன் அகப்பட்டால், உடனே பிடித்த நீரிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டு அங்குலம் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் அது, இன்னும் சில பருவம் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அம்மீனுக்குக் கொடுக்கப்படும் தவணை.

நமது பங்கில் ஓர் இளைஞன் இத்தகைய படகொன்றில் வேலை செய்துவந்தான். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் காத்திருந்து, ஒரு தாளை நம்மிடம் நீட்டினான். படகு துறை சேர்ந்தவுடன் வனவிலங்குத் துறைக் காவலர் சாக்குப் பைகளைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு பையில் அளவிற் குறைந்த சாண்ட் பாஸ் இரண்டு இருந்தன. பயணி மீதும் வழக்கு, பையில் போட்ட இவன் மீதும் வழக்கு.

“ஃபாதர், மீனைப் பிடித்தவன் நானல்லன்; வீட்டுக்குக் கொண்டுபோகிறவனும் நானல்லன். அரை அங்குலந்தானே, போடு என்று அவர்தான் சொன்னார். அவருக்குத் தண்டனை சரி. எனக்கு எதற்கு?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். அந்தப் பயணியும் தம் பங்குக்கு, “நான் ஒரு நாள் வந்துபோகிறவன், மீனின் பெயர்கூடத் தெரியாது. தொழில் தெரிந்தவன் பையில் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்” என்றாராம். கேப்டனோ, தாம் மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம். கரையில் அமர்ந்திருக்கும் உரிமையாளரைக் கேட்டிருந்தால், வெறும் பையுடன் திரும்புகிற பயணி மறுமுறை வேறு படகுக்குப் போய்விடுவான் என்று அவர் கவலைப்பட்டிருக்கக்கூடும். ஒவ்வொருவர் கூற்றிலும் சிறிது உண்மை இருக்கிறது. அந்தச் சிறு உண்மைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மீன் தானாகவே பைக்குள் குதித்தது என்றல்லவா முடிகிறது!

கலிபோர்னியச் சட்டம் இச்சாக்குகளை முன்னரே எதிர்பார்த்திருக்கிறது. அளவு மீறல், எண்ணிக்கை மீறல், தடைசெய்யப்பட்ட மீனை வைத்திருத்தல், மூடிய காலத்திலும் இடத்திலும் பிடித்தல் ஆகியவற்றுக்காகப் படகை நடத்துவோர் மீதும் பணியாளர் மீதும் வழக்குப் பதியலாம் என்பதைப் பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றே அது விதித்துள்ளது. அரிந்த துண்டத்திற்கும் விதி உண்டு. சாண்ட் பாஸின் சதைத்துண்டு குறைந்தது ஏழரை அங்குல நீளம் இருக்க வேண்டும். இன்ன மீன் என அடையாளம் தெரியும்படி ஓர் அங்குலச் சதுரத் தோலும் அதில் ஒட்டியிருக்க வேண்டும். கத்தியானது சாட்சியை அழித்துவிடலாகாது என்பதே இதன் கருத்து.

குருமடத்தில் ஒழுக்கவியல் பயின்ற காலத்தில், பிறர் தவற்றுக்கு ஒத்துழைப்பதைப் பற்றிப் பேராசிரியர்கள் பல நாள் விரித்துரைத்தனர். அறிந்து செய்தானா? மனமொப்பிச் செய்தானா? தடுக்கும் ஆற்றல் அவனுக்கு இருந்ததா? இவையே அங்கு எழும் வினாக்கள். அன்று ஏட்டில் படித்ததை அந்த இளைஞனின் கையிலிருந்த தாளில் மறுபடியும் படித்தோம்.

பொறுப்பு என்பது வண்டிச் சத்தத்தைப் போன்றதன்று. ஆள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் குறைந்துகொண்டே போகாது. அது ஒவ்வொருவர் மீதும் முழுமையாகவே நிற்கிறது. அறிவும் அதிகாரமும் மிக்கவர் மீது இன்னும் அழுத்தமாக நிற்கிறது. பயணி அறியாதவரானால் கேட்டறிந்திருக்க வேண்டும். கட்டணம் கொடுத்ததால் அறியாமையை விலைக்கு வாங்கிவிட்டதாகாது. கேப்டன் கண்ணால் காணவில்லை என்பது மெய்யே. ஆனால் தம் படகில் எது நடக்கும், எது நடவாது என்பதைப் புறப்படுமுன்னரே சொல்லிவைக்க அவரால் இயலும். பணியாளனுக்கோ இனாம் போய்விடுமே என்ற அச்சம். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். அவன் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. எனினும் அளவுகோல் இருந்தது அவன் கையில். மீனும் அவன் கையில். அந்த நொடியில் அதனை நீரில் விடக்கூடியவன் அவன் ஒருவனே.

இதையே அவனிடம் சொன்னோம். அவன் மகிழ்ந்தான் என்று கூறமாட்டோம். அபராதத்தைக் கட்டினான். சில வாரங்களுக்குப் பின் வந்தபோது, தூண்டில் இறக்குமுன் பயணிகள் எல்லோரிடமும், “ஐயா, நான் அளப்பேன்; குறைந்தால் கடலுக்குத்தான் போகும்” என்று சொல்லிவிடுவதாகக் கூறினான். இனாம் சிறிது குறைந்திருக்கிறது என்றும் சொன்னான். பின்னர் அது கூடிற்றா என்பதை நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! பலருக்குப் பொதுவான மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒருவரும் எழுந்திரார் என்பது நம் கிராமங்களின் அனுபவம். கடலோ எல்லாருக்கும் பொதுவானது. இன்று பிறக்கும் குழந்தைக்கும் அதில் பங்குண்டு. ‘நான் பிடிக்கவில்லை’, ‘நான் பார்க்கவில்லை’, ‘அவர்தான் சொன்னார்’ என்னும் சொற்கள் நம் வீட்டிலும் தொழிலிலும் நாவில் எழும்போதெல்லாம், நம் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை குனிந்து பார்ப்போமாக. விட்டுவிட வேண்டியது அங்கே இருக்குமாயின், அது உயிரோடிருக்கும்போதே விட்டுவிடுவோமாக.