முழுமை என்னும் சொல்லும் தாராவிச் சந்தின் நாயும்

1896-ஆம் ஆண்டு பம்பாயின் மாண்டவிப் பகுதித் தானியக் கிடங்குகளில் முதலில் செத்து விழுந்தவை எலிகள். மனிதர்கள் அதன் பின்னரே விழத் தொடங்கினர். செப்டம்பர் மாதத்தில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் அந்நோயைப் பிளேக் என்று இனங்கண்டார். எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைச் சுமந்து வருவது தெள்ளுப்பூச்சியே என்பதை பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898-இல். அதே ஆண்டில்தான் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெரிசலைக் குறைத்து, காற்றும் வெளிச்சமும் புகும் தெருக்களை அமைப்பதே அதன் நோக்கம். தாதர், மாட்டுங்கா, சயான் ஆகியவற்றின் அகன்ற சாலைகளும் மனைப்பிரிவுகளும் அத்திட்டத்தில் பிறந்தவை. தமிழர்கள் தங்கள் கோயில்களையும் பூக்கடைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் நிறுவிக்கொண்ட மாட்டுங்கா, ஒரு வகையில், எலிகளின் சாவிலிருந்து வரையப்பட்ட ஊர்.

விலங்கின் உடல்நலம், மனிதரின் உடல்நலம், வாழிடத்தின் நலம் ஆகிய மூன்றும் ஒன்றே என்று இன்று ஆய்வரங்குகளில் பேசப்படுகிறது. அந்தப் பாடத்தை மும்பை உயிர்களைக் கொடுத்துக் கற்ற நகரம். பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை 1883-இல் தோன்றியது. அதே வளாகத்தில் 1886-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஹாஃப்கினின் பிளேக் ஆய்வகம் 1899-இல் வந்து சேர்ந்ததும் அதே பரேலுக்குத்தான். விலங்கு மருத்துவமும் மனித மருத்துவமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்தன.

இந்தப் பின்னணியில் ‘ஹோலிஸ்டிக்’ என்னும் சொல் இன்று அடைந்திருக்கும் பொருளைக் கவனிக்க வேண்டும். செம்பூரின் செல்லப்பிராணிக் கடைகளில் அது ஒரு பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்ட சொல்லாகச் சுருங்கிவிட்டது. மூலிகைச் சோப்பு, தானியம் கலவாத உணவு, வேப்பெண்ணெய்த் தெளிப்பு, அமைதி தரும் நறுமணத் தைலம் என அதன் பட்டியல் நீள்கிறது. ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்பதே அச்சொல்லின் விற்பனைப் பொருள். முழுமை என்பது ஒரு பொருளைச் சேர்ப்பதால் கிடைப்பதன்று. ஓர் உடல் எவற்றோடெல்லாம் பிணைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதால் கிடைப்பது. இந்த வேறுபாடு மறக்கப்படும்போது உயிர்கள் போகின்றன.

தமிழ் மரபுக்கு இப்பார்வை புதிதன்று. மாட்டு வாகடம், குதிரை வாகடம் என விலங்குகளுக்கெனத் தனி மருத்துவ நூல்கள் தமிழில் வழங்கிவந்துள்ளன. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். விலங்கு மருத்துவத்தில் இந்த நான்காவது கூறின் எடை பன்மடங்காகிறது. நோயுற்றது பேசாது. அது எப்போது உண்ண மறுத்தது, எத்தனை முறை நீர் குடித்தது, எந்தக் காலைத் தூக்கி நடந்தது என்பவற்றைச் சொல்லக்கூடியவர் அருகிருப்பவர் ஒருவரே. ஆதலால் நோய்த்தடுப்பு என்பது மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. சோறு வைக்கும் தட்டின் அருகில் தொடங்குகிறது.

மரபறிவை ஆய்வின் உரைகல்லில் தேய்த்துப் பார்த்த முயற்சிகளும் தமிழகத்தில் நடந்துள்ளன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடைய குழுவினரும் கறவை மாடுகளின் மடிநோய்க்கு வகுத்த முறை பரவலாக அறியப்பட்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இவற்றை அரைத்து, கழுவிய மடியின் மீது நாளுக்குப் பலமுறை பூசுவதே அம்முறை. தேசியப் பால்வள வாரியம் இதனைப் பால் கூட்டுறவு ஒன்றியங்களின் வழியே பரப்பியது. இதன் சிறப்பு, நுண்ணுயிர்க்கொல்லிகளின் தேவையைக் குறைப்பதில் இருக்கிறது. பாலில் எஞ்சும் மருந்து, மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர், உழவரின் செலவு ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைகின்றன. அளவும் பயனும் எல்லையும் குறிக்கப்பட்ட மரபறிவு இது.

எல்லை என்பதே இங்கு முதன்மையான சொல். வெறிநாய்க்கடி நோயின் முன் எந்த மூலிகையும் நிற்பதில்லை. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எல்லாரும் இறக்கின்றனர். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் இந்தியர் என்றும் மதிப்பிடப்படுகிறது. கடிபட்டோரிலும் இறப்போரிலும் சிறுவர்கள் மிகுதி. கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் அவ்வழக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மையாகாது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட அந்த ஊசிகளின் வலியும், சிலருக்கு நேர்ந்த நரம்புப் பாதிப்பும் மக்களின் நினைவில் அச்சமாகப் படிந்தன. இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது 2004-இன் இறுதியில்தான். இன்று போடப்படுபவை கையில் இடும் சில ஊசிகளே. மருந்து மாறிவிட்டது, அச்சம் மட்டும் பாட்டியின் வாய்வழியே பேரனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அச்சத்தின் வரலாற்றைக் கேட்காமல், சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று சொல்லும் அறிவுரை பாதித் தொலைவே செல்லும்.

அன்பும் நஞ்சாகலாம் என்பதற்கு மாட்டுங்காவின் அடுக்களைகள் சான்று. மரக்கறி உண்ணும் இல்லங்களில் பூனைக்கும் தயிர்ச்சோறே வைக்கப்படுகிறது. அதில் இகழத்தக்கது எதுவும் இல்லை. தான் உண்பதைப் பகிர்வதே அங்கு அன்பின் இலக்கணம். ஆனால் பூனை உடலியலால் ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளைத் தேவையான அளவு அதன் உடல் ஆக்கிக்கொள்வதில்லை, இறைச்சியிலிருந்தே பெறவேண்டும். அக்குறைபாடு விழித்திரையைச் சிதைக்கும், இதயத்தசையைத் தளர்த்தும். இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987-இல் நிறுவப்பட்ட பின் பூனை உணவுகளின் சேர்மானமே மாறியது. தெருவிலும் கிடங்கிலும் எலி பிடித்துத் திரியும் பூனைக்கு இக்குறை வருவதில்லை. வாசற்கதவு மூடப்பட்டு, தட்டில் வைப்பதை மட்டுமே உண்ண வேண்டியதாகிவிட்ட பூனைக்கே வருகிறது. காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குக் கொடுக்கப்படும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கப் போதுமானது; அதனைச் செரித்து வெளியேற்றும் வேதியியல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நறுமணத் தைலங்கள் பலவும் அதே காரணத்தால் அதற்கு ஆகாதவை. நாய்க்கோ வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை தீங்கானவை. பூண்டு மனிதருக்கு மருந்து என்பதால் நாய்க்கும் மருந்தாகிவிடாது.

தாராவிக்கு வந்தால் சிக்கலின் வடிவம் மாறுகிறது. அங்கே ‘கோலி’ எனப்படும் ஒற்றை அறைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மீது கழிப்பதில்லை. சுவரின் விரிசலில் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரையின்றிப் பல மாதங்கள் காத்திருக்கும். அது பரப்பும் உண்ணிக் காய்ச்சலில் நாயின் குருதித் தட்டுகள் குறைந்து, மூக்கில் குருதி வடியும். ஒரு வீட்டின் நாய்க்கு மட்டும் மருந்திட்டால் பயன் சில கிழமைகளே. சுவர் பொதுச்சுவர், விரிசலும் பொது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புச்சாந்து பூசி விரிசலை அடைப்பதும் கால்நடை மருத்துவமே.

மழைக்காலம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் வந்தது. எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா நுண்ணுயிர் தேங்கிய நீரில் பிழைத்திருந்து, காலின் சிறு காயத்தின் வழியே உடலுக்குள் புகுகிறது. அந்நீரில் நடக்கும் நாய்க்கும் சிறுவனுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. நோயுற்ற நாயின் சிறுநீரும் பிறருக்குப் பரப்பும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு. ஆனால் அது நுண்ணுயிரின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. அள்ளப்படாத குப்பையும் மூடப்படாத சாக்கடையும் இருக்கும்வரை ஊசி பாதிக் காவலே.

நோயைப் போலவே மருந்தும் எல்லை தாண்டிச் செல்லும். முதிர்ந்த மாட்டின் மூட்டுவலிக்குக் கனிவோடு கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக், அம்மாடு இறந்த பின் அதன் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுக் கழுகினத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்த பிறகே, 2006-இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மலபார் குன்றின் பார்சி சமூகத்தார் தம் இறந்தோரை ஒப்படைத்துவந்த அமைதிக் கோபுரங்களிலும் கழுகுகள் இல்லாமற்போயின. ஒரு மாட்டின் வலி தீர்க்க இடப்பட்ட ஊசி ஒரு சமூகத்தின் ஈமச்சடங்கைத் தொட்டது.

அப்படியானால் இந்நகரில் முழுமையான பராமரிப்பு யாரைச் சென்றடைய வேண்டும்? தடுப்பூசி முகாம்களில் படிவம் நிரப்பும் கால்நடை மருத்துவ மாணவர்கள் இக்கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டி ஒருவர் பழுப்பு நிற நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“ஆச்சி, இந்த நாய்க்குச் சொந்தக்காரங்க யாரு?”

“சொந்தம்னு யாருமில்ல ஐயா. காலையில நான் சோறு போடுதேன். ராத்திரிக்கு எதிர்த்தாப்புல பாய் வீட்டுல போடுதாவ.”

“அப்ப யாரு பேர எழுதட்டும் ஆச்சி?”

“இந்தச் சந்துப் பேர எழுதிக்கிடுங்க.”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மாநகராட்சியின் நாய் உரிமம் ஒரு மனிதரின் பெயரைக் கேட்கிறது. விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டபோது தெருநாய்களைச் ‘சமூக விலங்குகள்’ என்று குறித்தன. எனினும் அச்சமூகம் எது என்பதை எந்தப் படிவமும் விளக்கவில்லை. ‘செல்லப்பிராணி’ என்னும் தமிழ்ச்சொல் வீட்டுக்குள் இருக்கும் விலங்கையே நினைவூட்டுகிறது. ‘வளர்ப்பு’ என்னும் பழைய சொல்லோ உரிமையைக் காட்டிலும் உணவையும் கவனிப்பையும் சுட்டுகிறது. ஆச்சியின் விடை இரண்டாம் சொல்லின் பக்கம் நிற்கிறது. குறள் கூறிய நான்காவது கூறு அங்கே ஒரு தனிமனிதர் அல்லர், ஒரு சந்து.

இந்தச் சொல்லாய்வுக்கு நடைமுறைப் பொருளும் உண்டு. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி இட்டால் அங்கே வெறிநோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இலக்கு. கோவாவில் 2013 முதல் 2019 வரை அரசும் தொண்டு அமைப்பும் இணைந்து நாய்களுக்குத் தடுப்பூசி, பள்ளிகளில் விழிப்புணர்வு, நோய்க் கண்காணிப்பு ஆகியவற்றை ஒருசேர நடத்தின. நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. வீட்டுநாய், தெருநாய் என்று பிரிக்காமல் தெருத்தெருவாகச் சென்றதே அவ்வெற்றியின் அடிப்படை. உரிமையாளர் பெயருள்ள நாய்களுக்கு மட்டும் ஊசி இட்டால், செம்பூரின் உயர்மாடியில் வாழும் நாய் காக்கப்படும். தாராவிச் சந்தின் சிறுமி காக்கப்படமாட்டாள்.

அன்றாடப் பராமரிப்பு எளிமையானது. உணவும் நீரும் எவ்வளவு குறைந்தன என்று பார்ப்பது, ஈறின் நிறத்தையும் நடையையும் கவனிப்பது, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணியைத் தேடுவது, குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் நாள் தவறாமல் கொடுப்பது, மனித மருந்தைக் கொடுக்காதிருப்பது, தேங்கிய நீரை அகற்றுவது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டியதில்லை; கண் வேண்டும். காசு வேண்டிய சிலவற்றுக்கு நகரம் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வாளர்களுக்கும் இங்கே ஒரு பணி காத்திருக்கிறது: ஆச்சியின் விடையை ஏற்கக்கூடிய ஒரு கட்டத்தை அந்தப் படிவத்தில் வரைந்து கொடுப்பது.