தம்பி சொன்னதை நான் நம்பவில்லை

என் தம்பி நோயில் விழுந்தபோது அவனைச் சோம்பேறி என்று திட்டினேன். உப்பளத்தில், கூலியாட்கள் காதுபட. அதை இப்போது எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

அது 2006. நாடு முழுக்க சுமார் 14 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று கணக்கு வந்த ஆண்டு. மரக்காணத்தில் எங்கள் தெருவே மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அதைப் பரப்பும் கொசு உப்புப் பாத்தியில் முட்டையிடாது. நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் இடும். எங்கள் அளத்தோரம் ஆட்கள் குடிக்கவும் கைகால் கழுவவும் டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தேன். மூடி போட்டதில்லை.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டது, வலியும் தணிந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னான்: "அண்ணே, கால் வலிக்கல. கால் நிக்க மாட்டேங்குது."

விளைந்த உப்பு பாத்தியில் கிடந்தது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்துவிடும். என் நினைப்பெல்லாம் அதில்தான். வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து உப்பு வாரச் சொன்னேன். வரப்பில் கால் மடங்கி விழுந்தான். அப்போதுதான் திட்டினேன்.

வலி உள்ளவன் காலை அசைக்கப் பயப்படுவான். இவன் அசைக்கப் பார்த்தும் கால் அசையவில்லை. அந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று என்று நான் தப்பிக்க முடியாது. அவனே வாய்விட்டுச் சொன்னான். நான்தான் காதில் வாங்கவில்லை.

தளர்ச்சி காலிலிருந்து கைக்கு ஏறியது. சோறு விழுங்கத் திணறிய பிறகே புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவில்லை. கில்லன் பாரே நோய் என்றார். வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, திசைமாறி நரம்புகளையே தாக்கும் நோய். அபூர்வம்தான். ஆனால் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவிய 2006-இல் அங்கும் வந்தது. 2013-14-இல் ஜிகா பரவிய பிரெஞ்சுப் பாலினீசியாவில் 42 பேருக்கு வந்தது. டெங்குவுக்குப் பிறகும் வருவதுண்டு.

இம்யூனோகுளோபுலின் ஊசி, பிளாஸ்மா மாற்று என்று இதற்குச் சிகிச்சை உண்டு. கால் தளர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அந்த நாட்களை நான் உப்புக்குக் கொடுத்துவிட்டேன். மார்புத் தசையும் ஓய்ந்து, வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தான். பாதம் இன்றும் முழுதாக நிமிரவில்லை. அளத்து வேலைக்கு அவன் திரும்பவே இல்லை. சீக்கிரம் போயிருந்தால் முழுக்கத் தேறியிருப்பானா என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. அதனால் என் குற்றம் குறைந்துவிடாது.

காய்ச்சல் விட்ட சில நாளிலோ சில வாரத்திலோ, உங்கள் வீட்டில் ஒருவர் பாதம் மரக்கிறது, படி ஏற முடியவில்லை, முகம் கோணுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் அசதி என்று ஒதுக்காதீர்கள். அன்றைக்கே நரம்பியல் மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளி சொல்வதை நம்புங்கள்.