பேசுவதற்கு ஓர் அவை

மைசூருக்குப் படிக்க வரும் நம்மவர் முதலில் காண விரும்புவது பெரிய அரண்மனையின் விளக்கொளியைத்தான். அதைக் கண்டு வியவாதார் இலர். ஆனால், அதற்கு மேற்கே கூப்பிடு தொலைவில் நிற்கும் ஜகன்மோகன் அரண்மனையை நாடிச் செல்வோர் சிலரே. செல்வோரும் இரவிவர்மாவின் ஓவியங்களையும், விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் ஓவியத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மக்கள் மன்றமாக விளங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பாராளுமன்றம் என்றால் நமக்கு இலண்டனும் டில்லியும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இந்தியச் சமஸ்தானங்களுள் முதன்முதலாக மக்களின் பேராளரைக் கூட்டிப் பேசவைத்தது நாம் வாழும் இந்த மைசூரே. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மைசூர், 1881 மார்ச்சில் உடையார் மரபினரிடம் திரும்பி வந்தது. பத்தாம் சாமராஜ உடையார் மன்னரானார்; ரங்காசார்லு திவான் ஆனார். இவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். அதே ஆண்டு அக்டோபரில், தசரா விழாவின்போது, இவர் முயற்சியால் ‘பிரஜா பிரதிநிதி சபை’ முதன்முறையாகக் கூடிற்று. உறுப்பினர் 144 பேர். அவர்கள் நிலவுடைமையாளரும் வணிகருமே. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். எதையும் முடிவு செய்யும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. திவான் ஆண்டறிக்கை படிப்பார், வந்தவர்கள் தத்தம் ஊர்க் குறைகளை எடுத்துரைப்பர், அவ்வளவே. 1883 ஜனவரியில் ரங்காசார்லு மறைந்தார். தாம் தொடங்கிய அவை இருமுறை கூடியதைத்தான் அவர் கண்டார்.

சென்ற தசரா விடுமுறையில் என் ஆய்வகத் தோழர் ஒருவருடன் ஜகன்மோகன் அரண்மனைக்குச் சென்றேன். தோழர் மண்டியாவைச் சேர்ந்த கன்னடர். 1861இல் எழுந்த அந்த மாளிகையின் பெரிய மண்டபத்தில் நின்றோம். பிரதிநிதி சபை பல ஆண்டுகள் கூடிய இடம் அது. 1907இல் மைசூர்ச் சட்டமன்றத்தின் முதற்கூட்டம் நடந்ததும், நம் பல்கலைக்கழகம் தன் தொடக்க காலப் பட்டமளிப்பு விழாக்களை நடத்தியதும் அங்கேதான்.

“ரங்காசார்லு உங்கள் ஊர்ப்பக்கத்தவர் ஆயிற்றே! உங்களுக்குப் பெருமையாக இல்லையா?” என்று தோழர் கேட்டார்.

“பெருமைதான். ஆனால், அந்த 144 பேரில் என் தந்தையாரைப் போன்றவர் ஒருவரேனும் இருந்திருப்பாரா?” என்றேன்.

தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “என் பாட்டனாரைப் போன்றவரும் இருந்திருக்க மாட்டார். அவர் குத்தகை உழவர்” என்றார். நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

நான் இயற்பியல் மாணவன். கட்புலனாகும் ஒளிக்கென்று செய்த கருவியில் அகச்சிவப்புக் கதிர் விழுந்தால் முள் அசையாது. முள் அசையவில்லை என்பதால் கதிர் இல்லை என்று எவனும் சொல்ல மாட்டான். அவையும் ஒரு கருவியே. யார் குரலை வாங்குமாறு அது அமைக்கப்பட்டதோ, அவர் குரலுக்கே அது அசைந்து கொடுக்கும்.

எனினும், வெறும் பேச்சு என்று அந்த அவையை ஒதுக்கிவிட முடியாது. ‘பார்லிமெண்ட்’ என்னும் சொல்லே ‘பேசு’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததன்றோ? பேச இடம் கிடைத்தபின், கேட்கும் உரிமையும், தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் தேர்தல் முறை புகுந்தது; சொத்துடையோருக்கே அந்த வாக்கு. எட்டு வயது நிரம்பாத சிறுமியரின் மணத்தையும், பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை ஐம்பது கடந்தவர் மணப்பதையும் தடுக்கும் சட்டம் 1894இல் வந்தது. 1923இல் சபை சட்டப்படி நிலைபெற்றது. பெண் என்பதால் வாக்கில்லை என்ற தடையும் அகன்றது. 1949இல் சபை கலைந்தது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் 1951–52இல் நடந்தது. 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. கருவியின் முள் மெல்ல மெல்ல எல்லாக் கதிர்களுக்கும் அசையத் தொடங்கிற்று.

எல்லாக் கதிர்களுக்குமா? இங்கேதான் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கொத்தனார். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பெங்களூரில் இருபது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்கிறார். அம்மாவும் தங்கையும் ஊரில் இருக்கின்றனர். அவர் பெயரும் ஊர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு வாக்களித்த நாள் ஏப்ரல் 19. அன்று அவர் வேலை செய்த இடத்தில் தளம் போட்டார்கள். தளம் போடும் நாளில் கொத்தனார் ஊருக்குப் புறப்பட முடியுமா? ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, பெங்களூரில் வாக்குப்பதிவு. வேலைக்கு விடுமுறை. ஆனால், அங்கே அவருக்கு வாக்கில்லை. வாக்கு இருந்த நாளில் விடுப்பு இல்லை. விடுப்பு கிடைத்த நாளில் வாக்கு இல்லை!

பெயரைப் பெங்களூருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று தொலைபேசியில் கேட்டேன். “தம்பி, ரேஷன் கார்டு ஊரில், வீடு ஊரில். லிஸ்டிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டால் ஊரில் எனக்கென்று என்ன இருக்கிறது?” என்றார். அவரை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. இரண்டு இடங்களில் பெயர் இருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டு இடங்களில் வாழ்வதையோ வயிறு கட்டாயப்படுத்துகிறது. 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே இடத்தில் பதியவல்ல இயந்திரம் ஒன்றின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2024 தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை.

மாணவராகிய நமக்கு இத்தனை இடர் இல்லை. விடுதியில் தங்கிப் படிப்பவர் பெற்றோர் ஊரிலோ, படிக்கும் ஊரிலோ, ஏதேனும் ஓரிடத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6. இடம் மாறுவோருக்குப் படிவம் 8. தங்கைக்குச் சென்ற ஆண்டு 18 நிரம்பியது. ஊரின் குறையைச் சொல்ல அவள் இருக்கிறாள். ஆகவே, நான் மைசூர் முகவரிக்குப் படிவம் 8 எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் குடிக்கும் தண்ணீரும் நடக்கும் சாலையும் இந்த ஊருடையவை. இந்த ஊரைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை வேண்டும்.

தோழர்களே! பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நம் சங்கம் குறைவற நடத்தி வருகிறது. அவற்றோடு இன்னும் ஒன்று செய்வோம். இந்நகரில் கட்டடம் எழுப்பும் தமிழ்த் தொழிலாளர் பலர் உள்ளனர். மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் தங்கும் இடங்களுக்குச் சென்று அமர்வோம். பெயர் எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களையே கேட்போம். ஊரில் இருக்கட்டும் என்பவருக்குத் தேர்தல் நாளை முன்கூட்டியே சொல்லி, பயணத்துக்கு வழி பார்ப்போம். இங்கே மாற்ற விரும்புவோருக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுப்போம். கன்னடத் தோழரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் கன்னடத்தில் பேச அவர் இருக்கிறார். தொழிலாளரிடம் தமிழில் பேச நாம் இருக்கிறோம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்படலாம் என்பது என் விருப்பம். வருவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.