இனிப்பு மாத்திரை டாக்டர் செய்த பெரிய உதவி

எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஃபிரிட்ஜ் மேலிருக்கும் அந்தச் சின்ன டப்பாவைத்தான். நாக்கில் போட்டால் கரையும் வெள்ளை உருண்டைகள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கும் ஹோமியோபதி டாக்டரிடம் என் மகன் எல்.கே.ஜி. படித்த காலத்திலிருந்தே போகிறோம். இப்போது அவன் காலேஜ் முடிக்கப்போகிறான்.

போன மழைக்காலத்தில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. சேலையூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த நேரம். டெங்கு டெஸ்ட் எடுத்தோம். இல்லை என்று வந்ததும், நானே டப்பாவைத் திறந்து உருண்டைகளைக் கொடுத்தேன். கூடவே பாராசிட்டமால். காலையில் காய்ச்சல் இறங்கும். சாயங்காலம் உடம்பைத் தூக்கிப்போடும் குளிரோடு மறுபடி ஏறும். வலது தோள்பட்டை வலிக்கிறது என்றார். வண்டி ஓட்டுவதால் இருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. இப்படியே 9 நாள். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை நோய் இருப்பதை அந்த 9 நாளில் நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா மருந்து குடுங்க டாக்டர்" என்றேன். அவர் மருந்தை எடுக்கவே இல்லை. இவரைப் படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே லேசாக அழுத்தினார். இவர் துடித்துவிட்டார்.

"இது என் மாத்திரைக்கு அடங்குற விஷயம் இல்லம்மா. கல்லீரல்ல சீழ் கட்டியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. வீட்டுக்குப் போகாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்தை ஸ்கேன் பண்ணுங்க. இன்னைக்கே!"

கடிதம் எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

அவர் சந்தேகம் சரிதான். கல்லீரலின் வலது பக்கத்தில் 8 செ.மீ. அளவுக்குச் சீழ்க்கட்டி. ரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. குடலிலிருந்தோ பித்தப்பாதையிலிருந்தோ க்ளெப்சியெல்லா, ஈ.கோலை மாதிரியான பாக்டீரியாக்கள் கல்லீரலுக்குப் போய் இப்படிச் சீழ் பிடிக்க வைக்குமாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம். கட்டி மேலே இருக்கும் உதரவிதானத்தைச் சீண்டினால் வலி தோளில் தெரியும். நான் தைலம் தேய்த்தது அந்த வலிக்குத்தான்! கட்டி வயிற்றுக்குள் உடைந்தாலோ, கிருமி ரத்தத்தில் பரவினாலோ உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா இடுக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகிச் சீழை வடித்தார்கள். இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் ஊசி. அப்புறம் நான்கு வாரம் மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "அந்த இனிப்பு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடட்டுமா?" எனக்கும் ஆசைதான். போனில் தேடினால் ஹீப்பர் சல்ப், சிலீசியா, செலிடோனியம் என்று வரிசையாக வந்தன. நம் டாக்டரையே கூப்பிட்டேன்.

"ஆன்டிபயாட்டிக்கை ஒரு வேளைகூட விடக் கூடாது. வேற எது சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட சொல்லிட்டுதான். சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அதுல ஆல்கஹால் இருக்கு. இவருக்கு மெட்ரோனிடசோல் போகுது, ரெண்டும் ஒத்துக்காது. செலிடோனியம் தாய்த் திரவத்தைக் கடையில வாங்கிடாதீங்க. அந்தச் செடியால கல்லீரல் கெட்டவங்களும் இருக்காங்க."

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் மறைக்காமல் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். '30 சி' என்றால், மருந்தை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதையே மறுபடி நூறில் ஒரு பங்காக என்று 30 முறை கரைப்பது. கடைசியில் அந்த மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. "உருண்டை கெடுதல் பண்ணாது. ஆனா சீழையும் வடிக்காது. அதை நம்பி உட்கார்ந்த நாள்தான் கெடுதல்" என்றார். 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலும், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று அறிவித்திருப்பதைப் பிறகு படித்தேன். இத்தனை வருஷ நம்பிக்கை. மனசு கொஞ்சம் கனத்தது. என் மகனின் சளியெல்லாம் தானாகவே சரியாகியிருக்குமோ?

செக்கப்புக்கு ரயிலில் போகும்போதெல்லாம் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டுவோம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அன்று காசநோய்க் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். மருந்துகள் வந்த பிறகு, 1950-களின் கடைசியில் இதே சென்னையில் ஒரு ஆய்வு நடந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், நெரிசலான வீட்டில் இருக்கும் ஏழை நோயாளிக்கும் சானடோரியத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமாகும் என்று அது காட்டியது. காற்றும் சாப்பாடும் துணைதான். கிருமியைக் கொன்றது மருந்து.

அந்தத் துணையை நானும் செய்தேன். மாத்திரைக்கு போனில் அலாரம். தினமும் சர்க்கரை, காய்ச்சல் அளவு நோட்டில். முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பருப்பு, கீரை. ஆறாவது வார ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது.

டப்பா இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலா? குளிர் நடுக்கமா? வலது விலாவில் வலியா? என்னைத் திறக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ.'

அந்த டாக்டரிடம் இன்னமும் போகிறேன். தன் மருந்தின் எல்லை தெரிந்தவர் அவர்.