பரங்கிப்பேட்டை ஜோடி

தபால்தலை சேர்க்கிறவர்களில் பெரும்பாலோர் தலையில் உள்ள படத்தைப் பார்ப்பார்கள். சிலர் மட்டும் படத்தின் மேல் விழுந்திருக்கும் முத்திரையைப் பார்ப்பார்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று லென்ஸ் வைத்துத் தேடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கடலூரிலும் சிதம்பரத்திலும் அப்படிப்பட்ட ஒரு சிறு வட்டம் இருந்தது. அதில் நானும் ஒருவன். அந்த வட்டத்துக்குள் நான் செய்த ஒரு காரியத்தையும், அதைவிட மோசமாக அதன்பின் சொன்ன ஒரு பொய்யையும் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு வயதாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட எனக்கு உரிமை இல்லை.

எங்கள் வட்டத்துக்குப் பதிவு, சந்தா, தலைவர் எதுவும் கிடையாது. மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவோம். எல்லோருக்கும் அவர் ‘சார்’. வங்கியில் வேலை பார்த்தவர், நகைக்கடை வைத்திருந்தவர், கல்லூரி மாணவர்கள், ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் ஈ.டி. ஊழியராக இருந்த ஓர் அண்ணன், சிதம்பரத்திலிருந்து ரயிலேறிப் போகும் நான். பழைய கவர்க் கட்டு ஒன்று கிடைத்தது என்று யாராவது வந்துவிட்டால் அன்று மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவுக்கு வராது. அண்ணாமலை நகர் விடுதிகளில் மலேசிய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களில் 1971இல் வெளியான வண்ணத்துப்பூச்சித் தலைகள் ஒட்டியிருக்கும். பரங்கிப்பேட்டை வீடுகளுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதம் வரும். கேட்டால் உறையைக் கிழிக்காமல் எடுத்து வைத்திருந்து கொடுப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குள் இருந்தது. 15 பைசா அஞ்சலட்டையில் நம் விலாசத்தையே எழுதி, அதை ஓர் உறையில் வைத்து, பார்த்தே இராத ஏதோ ஓர் ஊர்ப் போஸ்ட்மாஸ்டருக்கு, “தயவுசெய்து தெளிவாக முத்திரை குத்தித் தபாலில் சேர்க்கவும்” என்று எழுதி அனுப்புவோம். பெரும்பாலும் வந்துவிடும். முகம் தெரியாத ஒருவர் நமக்காக மை தொட்டு, கோணாமல் அழுத்திக் குத்தியிருக்கிறார் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். எனக்கு வாய்த்த சந்தோஷங்களில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

எங்களுக்குள் ‘எக்ஸ்சேஞ்ச் புக்’ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு தலையாக ஹிஞ்ச் என்ற சிறு பசைத்தாள் வைத்து ஒட்டி, கீழே பென்சிலால் விலை எழுதியிருக்கும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, முன்பே பேசிவைத்த வரிசையில் போகும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, காலியான கட்டத்தில் அவரவர் ரப்பர் ஸ்டாம்பைக் குத்த வேண்டும். என்னுடையதை மேல வீதியில் செய்யச் சொல்லியிருந்தேன். சின்னக் கோபுரமும் அதன் கீழே என் இனிஷியலும் இருக்கும். நல்ல தலையை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான ஒன்றை அந்த இடத்தில் ஒட்டிவிடுவது உலகம் முழுக்கத் தபால்தலைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய திருட்டு. அதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள். மாற்றி ஒட்டிவிட்டால் கட்டம் காலியாகவே இராது. முத்திரை குத்தும் பேச்சே எழாது. கடைசியில் எல்லாம் எடுக்கிறவன் நேர்மையில்தான் நின்றது.

சார் தம்முடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விற்பனைக்கு இல்லாத ஒன்றிரண்டை ஒட்டி, ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி அனுப்புவார். தன்னிடம் இருக்கும் நல்லதை நாலு பேர் நிதானமாக, அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் அந்த ஜோடி என் கைக்கு வந்தது.

அரையணா பச்சை, ஐந்தாம் ஜார்ஜ், இரண்டு தலைகள் பிரியாமல். 1922இல் கடிதக் கட்டணம் அரையணாவிலிருந்து ஓரணாவானது. கையிலிருந்த அரையணாத் தலை இரண்டை ஒட்டி யாரோ ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். தபால் முத்திரையின் வட்டம் சாதாரணத் தலையைவிட அகலமானது. ஒற்றைத் தலையில் ஊர்ப்பெயர் பாதிதான் விழும், மீதி உறையோடு போய்விடும். இந்த ஜோடியின் நட்டநடுவில் வட்டம் முழுசாக இறங்கியிருந்தது. மேல் வளைவில் ஆங்கிலத்தில் ‘போர்ட்டோ நோவோ’, குறுக்கே 1924 மார்ச் மாதத்துத் தேதி. மை கசியவில்லை, ஓர் எழுத்துகூட மங்கவில்லை. 1781இல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதிய ஊர், 1830களில் இரும்பாலை நடந்த ஊர், வெள்ளைக்காரன் காலத்துக் காகிதங்களில் எல்லாம் போர்ட்டோ நோவோ என்றே இருக்கும் நம் பரங்கிப்பேட்டை.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரயில் பாதையில் வரும் ஊர்களின் பழைய முத்திரைகளை ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. புதுச்சத்திரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவில் ஓர் இடம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. விலை என்று பார்த்தால் அந்த ஜோடி அன்றைக்குப் பத்து ரூபாய்கூடப் பெறாது. எனக்கு விலையைப் பற்றிக் கவலையே இல்லை. அந்த இடம் நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

ஹிஞ்சை மட்டும் பக்குவமாகப் பிரித்தேன். என்னிடம் அதே அரையணா பச்சையில் ஒரு ஜோடி இருந்தது, மை அப்பிய மதராஸ் முத்திரையோடு. அதை அந்த இடத்தில் ஒட்டினேன். கை நடுங்கவில்லை, மனசும் அடித்துக்கொள்ளவில்லை. சாரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது வாக்குமூலம் ஆகாது.

புத்தகம் திரும்பிப் போனதும் சார் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் காபி கொடுத்த பிறகு சொன்னார்: “யாராச்சும் நல்லாப் பார்க்கணும்னு அந்த ஜோடிய எடுத்திருந்தா வெச்சுடுங்கப்பா. ஒண்ணும் கேக்க மாட்டேன்.” யாரும் பேசவில்லை. புத்தகம் கடைசியாக என்னிடமிருந்துதான் வந்தது என்பதால் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “எனக்கு வரும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு.”

எனக்கு முன்னால் புத்தகத்தை வைத்திருந்தவர் அந்த அண்ணன். அன்று அவர் வரவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈ.டி. என்றால் எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்ட்டல். இன்று கிராமின் டாக் சேவக் என்கிறார்கள். நாளுக்குச் சில மணி நேர வேலை, சொற்பப் படி, பென்ஷன் கிடையாது. அந்த வருமானத்தில் தபால்தலை வாங்க முடியாது. அவர் சேர்த்ததெல்லாம் பிறர் தூக்கிப்போட்ட உறைகளிலிருந்து எடுத்தவை. எனக்கு முத்திரை படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். காலையில் தேதி அச்சை மாற்றியதும் முதல் குத்து எப்படி விழும், பேடு காய்ந்தால் எந்த ஓரம் முதலில் மங்கும், அவசரத்தில் குத்தினால் வட்டம் எப்படி இரட்டையாகும் என்று உறை உறையாகக் காட்டுவார். அவர் ஊரில் மணியார்டர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் மேல் திருட்டுப் பேச்சு விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

யாரும் அவர் பெயரை எடுத்துக் குற்றம் சாட்டவில்லை. “தபால் எல்லாம் அவர் கைலதானே புழங்குது” என்று ஒருவர் முனகினார். நான் மறுக்கவில்லை. புத்தகம் போகும் வரிசையை மாற்றினார்கள்; அவர் வீடு அதில் இல்லை. பிறகும் அவர் வந்தார். அவர் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவரின் ஆல்பம் மெல்ல மூடிக்கொள்ளும். காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு முன்னால் புத்தகத்தை வைத்திருந்தவர் வங்கிக்காரராக இருந்திருந்தால் என் பொய் ஒரு வாரம் நின்றிருக்காது. அவர் ஏழை, அதனால் நின்றது. வாயைத் திறக்கும்போதே எனக்கு அது தெரியும்.

என் ஆல்பத்தில் அந்தப் பக்கம் நிறைந்தது. நிறைந்த பக்கத்தை யாருக்கும் காட்ட முடியவில்லை. சார் கண்ணில் பட்டால் தெரிந்துவிடும். கண்காட்சிக்கு வைக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் இன்னும் முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். சார் தொண்ணூறுகளில் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தேன், அங்கேயும் வாய் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து லெட்டர்பாக்ஸிங் என்ற பொழுதுபோக்கைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் டார்ட்மூரில், மரமே இல்லாத ஈரப் புல்வெளிகளும் பாறைக் குன்றுகளுமான காட்டில் பிறந்தது அது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்ற எட்டாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்த இடத்தில் பெட்டி வந்தது. தன் விலாசம் எழுதிய அட்டையை அதில் விட்டுவந்தால், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். இன்று அந்தக் காடு முழுக்க ஆயிரக்கணக்கில் பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டும், ஒரு ரப்பர் முத்திரையும். குறிப்புகளை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவர், பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டி நோட்டில் பதித்துவிட்டு, எடுத்த இடத்தில் எடுத்தபடியே மறைத்து வைக்க வேண்டும். நூறு பெட்டி கண்டவர்களுக்கு ‘நூறு கிளப்’ என்று தனி மதிப்பு உண்டு. 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்தபின் அமெரிக்காவிலும் பரவியது. மழையிலும் மூடுபனியிலும் முழங்கால் சேற்றிலும் வயதானவர்கள், குழந்தைகளைத் தோளில் சுமந்த தாய் தகப்பன்மார்கள் எல்லாம் ஒரு ரப்பர் முத்திரைக்காக நடக்கிறார்கள்.

படித்தபோது எங்கள் மஞ்சக்குப்பத்து ஞாயிறுகள்தான் கண்முன் வந்தன. அதே நோட்டு, அதே முத்திரை, முகம் தெரியாதவனுக்காகச் செய்யும் அதே உபகாரம். அந்தக் காட்டில் காவல் கிடையாது. ஒருவன் நினைத்தால் முத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், கேட்க ஆளில்லை. ஆனால் அடுத்து வருகிறவனுக்காகப் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். சார் அந்தக் கடைசிப் பக்கத்தை அப்படித்தான் எங்களிடம் கொடுத்திருந்தார். அன்று முதல் ஆல்பத்தைத் திறப்பதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அப்படியும் அண்ணனைத் தேடிப் போகும் தைரியம் வர மேலும் பல வருஷம் ஆயிற்று.

போன வருஷம் போனேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் அவர் வீட்டு ஓடுகள் பறந்து, ஆல்பங்கள் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டதாகச் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. ஜோடியைக் கையில் கொடுத்ததும் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். “காலைல முதல் குத்து. பேடு புதுசு” என்றார். பிறகு கேட்டார்: “சார்கிட்ட சொன்னீங்களா?”

இல்லை என்றேன்.

“அவர் கடைசி வரைக்கும் நான்தான்னு நெனச்சிருப்பாரு.”

நான் பதில் சொல்லவில்லை. ஜோடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, இது சாருடையது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அங்க உக்காந்திருந்தவங்களுக்குச் சொல்லுங்க” என்றார்.

ஜோடியைச் சாரின் மகளிடம் சேர்த்துவிட்டேன், நடந்ததையும் சொல்லி. வட்டத்தில் இருந்தவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. சிலர் சென்னையில், சிலர் வெளிநாட்டில் பிள்ளைகளோடு. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சக்குப்பம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களே, புத்தகம் அண்ணன் கையில் இருந்தபோது ஜோடி அதன் கடைசிப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. எடுத்தவன் நான். அவர் இப்போதும் அதே ஊரில், அதே வீட்டில்தான் இருக்கிறார். முடிந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.