ஜன்னல் இல்லாத அறை

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நேரம் சொல்வது என் வேலை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கெல்லாம் வானொலியில் மணி சொல்கிற நானே, போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, ஈப்போவுக்குப் போகும் கடைசி ஈடிஎஸ் ரயிலைத் தவறவிட்டேன். இரண்டே நிமிடத்தில்.

பழி போட வேறு யாருமில்லை. ஒலிப்பதிவு முடிந்த பிறகும், "இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொன்னது நான்தான். கேஎல் சென்ட்ரலில் மூச்சிரைக்க ஓடி வந்தபோது நுழைவாயில் மூடியிருந்தது.

மறுநாள் காலை 8 மணிக்கு ஈப்போவில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். "நான் பக்கத்துல இருப்பேன்மா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கைத்தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "பரவாயில்லமா, பக்கத்து வீட்டு அக்கா கூட வரேன்னுச்சு. நீ ராத்திரியில தனியா பஸ் ஏறாதே. அங்கேயே எங்கேயாவது படு" என்றார் அம்மா. குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. குரலை வைத்தே சம்பளம் வாங்குகிற எனக்கு, அதுதான் உறுத்தியது.

நான் வாடகைக்கு இருப்பது கிள்ளானில். அங்கே போய்விட்டுத் திரும்பினால் காலையில் முதல் ரயிலையும் விட்டுவிடுவேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தேன். பூமாலைக் கடைகள் மூடியிருந்தாலும் மல்லிகை வாசம் மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன வணிகத் தங்கும் விடுதி. மைகாட்டை வாங்கிப் பார்த்த இளைஞர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஜன்னல் உள்ள அறையா, இல்லாததா?" இல்லாததற்கு இருபது ரிங்கிட் குறைவு. ஆறு மணி நேரத் தூக்கத்திற்கு ஜன்னல் எதற்கு என்று அதையே எடுத்தேன்.

கதவைத் திறந்தால் நேராகக் கட்டில். பையைக் கீழே வைத்தால் நடக்க இடமில்லை. குளியலறையில் ஷவருக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. கூரையில் கிப்லாட் அம்புக்குறி. ஒரு கெட்டில், இரண்டு கோப்பை, இரண்டு த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொட்டலம். ஆனால் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. எனக்குப் பழக்கமான அமைதி அது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ஜன்னல் கிடையாதே!

படுத்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா கேடிஎம்மில் இன்ஜின் டிரைவர். ஈப்போவிலிருந்து ரயிலை ஓட்டி வந்தால், கோலாலம்பூரில் ரயில்வே ஓய்வறையில் படுத்துவிட்டு மறுநாள்தான் திரும்புவார். இன்றைய கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடம் ரயில்வே யார்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததும் அதனால்தான். என் பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எதற்கும் அப்பா இருந்ததில்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாள் இருந்தது. இந்த வட்டாரத்தில் எங்கோ, இதைவிடச் சின்ன அறையில், அவரும் இப்படிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நள்ளிரவு தாண்டி அம்மாவே அழைத்தார்.

"தூங்கலயா?"

"நீங்க தூங்கலயாம்மா?"

பதில் வரவில்லை. வானொலியில் மூன்று வினாடி மௌனம் என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும். உடனே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவோம். வீட்டிலும் நான் அப்படித்தான். அம்மா ஒன்று சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"மயக்க மருந்து கொடுக்க மாட்டாங்களாம். கண்ணு மட்டும்தான் மரத்துப் போகுமாம். முழிச்சிக்கிட்டேதான் இருக்கணுமாம். எனக்குப் பயமா இருக்குமா."

என் முப்பத்து நான்கு வயதில், அம்மா வாயிலிருந்து "பயமா இருக்கு" என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, "எல்லாம் சரியாயிடும்" என்று என்னைத் தேற்றியிருப்பார். முகம் தெரியாத தூரம் இருந்ததால்தான் என் நேயர்கள் எத்தனையோ பேர் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அந்தத் தூரம் தேவைப்பட்டதோ என்னவோ.

அரை மணி நேரத்துக்கும் மேல் பேசினார். "உங்கப்பா வெளியூர்ல படுக்கிற ராத்திரியெல்லாம் நான் தூங்குனதே இல்ல. அப்போ போன் ஏது? மறுநாள் கேட்ல செருப்புச் சத்தம் கேட்டாத்தான் உயிர் வரும்" என்றார். நான் "ம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகக் குறைவாகப் பேசிய நிகழ்ச்சி அதுதான்.

கடைசி ரயிலைத் தவறவிடப் போகிறவர்களுக்கு, பட்டவள் சொல்கிறேன்: ஜன்னல் இல்லாத அறையில் பொழுது விடிவதே தெரியாது. இரண்டு அலாரம் வையுங்கள். நான் மூன்று வைத்தேன்.

முதல் ரயிலில் ஏறி, ஈப்போ வந்து, கிராப் பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு அம்மா மைலோ குடித்துக்கொண்டிருந்தார். மூடாத கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்துட்டியா? பசியாறுனியா?"

"மன்னிச்சிடுங்கம்மா. நேரத்துக்கு வர முடியல."

"அதான் ராத்திரி முழுக்க கூடவே இருந்தியே" என்றார்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு. இந்த முறை முதல் நாள் மதிய ரயிலுக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆனால் இரவில் விளக்கை அணைத்த பிறகு, அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.